வீசத்தில் வீசம்

புறாக் கணக்கு தெரியாத கிழவிகள் எங்கள் பக்கத்தில் குறைவு. மரக்கிளையில் ஒற்றைப் புறா. மேலே ஒரு கூட்டம் பறந்து போகிறது. "நூறு பேரும் எங்கே போகிறீர்கள்?" என்று ஒற்றைப் புறா கேட்கிறது. "நாங்கள் நூறு இல்லை. எங்களைப் போல இன்னொரு பங்கு வர வேண்டும், எங்களில் பாதி வர வேண்டும், பாதியில் பாதி வர வேண்டும். அதற்கும் மேலே நீயும் சேர்ந்தால்தான் நூறு" என்கிறது கூட்டத்தின் தலைவன். கூட்டத்தில் எத்தனை?

பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நோட்டை எடுத்து எக்ஸ் என்று ஆரம்பிப்பார்கள். கிழவி, "நாலுன்னு வெச்சுக்கோ" என்பாள். நாலு, இன்னொரு நாலு, பாதி இரண்டு, பாதியில் பாதி ஒன்று, ஆகப் பதினொன்று. நூற்றில் மரத்துப் புறாவைத் தள்ளினால் 99. அதில் பதினொன்று ஒன்பது தடவை போகும். நாலொன்பது முப்பத்தாறு.

ஏன் நாலு? பாதியில் பாதி எடுத்தாக வேண்டும், எந்தப் புறாவையும் வெட்டக்கூடாது. அதற்குத் தோதான மிகச் சிறிய எண் நாலுதான். நாலு விடையல்ல என்று கிழவிக்கு நன்றாகத் தெரியும். விடையல்ல என்று தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்கி, அது எத்தனை மடங்கு தவறு என்று அளந்து, விடைக்குப் போய்விடுகிறாள்.

*

இந்த வழி மிகப் பழையது. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்து வைத்த கணக்குகளில் ஒன்று: ஒரு குவியல், அதோடு அதில் ஏழில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 19. குவியல் எவ்வளவு? ஏழு என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டு எத்தனை மடங்கானால் 19 ஆகுமோ, ஏழையும் அத்தனை மடங்காக்க வேண்டும். அவர் எழுதி வைத்த விடை: பதினாறு, அரை, எட்டில் ஒன்று.

எட்டில் ஐந்து என்று ஒரே பின்னமாக எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகப் படலாம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி சொன்ன தலைமுறைக்குப் பட்டிருக்காது. பதினாறரையே அரைக்கால் என்று அவர்கள் அப்படியே வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். முந்திரி, காணி, மா, வீசம், அரைக்கால், கால் என்று நம்மிடமும் சின்னதிலிருந்து பெரியது வரை துண்டுகள் வரிசையாக இருந்தன. வேண்டியதை எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். முந்திரி 320-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று, வீசம் 16-இல் ஒன்று. கால் போக, இவற்றில் அன்றாடப் பேச்சில் மிச்சமிருப்பது முக்காலே மூணு வீசம்தான். ஏறக்குறைய எல்லாம் என்ற பொருளில் இன்றும் சொல்கிறோம். 16-இல் 15 என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர்கள் யாரும் இல்லை.

*

லீலாவதி என்ற தம் கணக்கு நூலில் பாஸ்கரர் தாமரைகளை வைத்து இதையே செய்கிறார். ஒருவர் தாமரைக் குவியலில் மூன்றில் ஒரு பங்கைச் சிவனுக்கும், ஐந்தில் ஒரு பங்கைத் திருமாலுக்கும், ஆறில் ஒரு பங்கைச் சூரியனுக்கும், கால் பங்கைத் தேவிக்கும் சாத்துகிறார். மிச்சம் ஆறு பூ குருவின் பாதத்துக்கு. மொத்தம் எத்தனை?

60 என்று வைத்துக்கொள்ளலாம், மூன்றும் ஐந்தும் ஆறும் நாலும் அதை மிச்சமில்லாமல் வகுக்கும். 20, 12, 10, 15 போனால் மிச்சம் மூன்று. நமக்கு வேண்டியது ஆறு. ஆகவே 120. குருவுக்குக் கிடைத்தது இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மா. இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் குருவுக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டாரே என்று தோன்றும்.

*

இப்படி உத்தேசமாக வைத்துக்கொள்வதற்கும் எக்ஸ் என்று பெயர் வைப்பதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. நாலு என்று வைப்பவள் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறாள். எக்ஸ் என்பவர் எதையும் பிடிப்பதில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிட்டு, தெரிந்ததுபோல அதைக் கூட்டுகிறார், பெருக்குகிறார், பாதியாக்குகிறார். இது எப்படிப்பட்ட துணிச்சல் என்பது எட்டாம் வகுப்பில் உறைப்பதில்லை. பாடத்தில் அதற்குள் பத்துக் கணக்கு முடிந்து அடுத்த பயிற்சிக்குப் போயிருப்பார்கள்.

ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் அந்தத் தெரியாததைக் குளிகை என்கிறார். சிறு உருண்டை. இருவரிடம் சம சொத்து. ஒருவரிடம் சில குளிகைகளும் சில காசுகளும், மற்றவரிடம் வேறு எண்ணிக்கையில் குளிகைகளும் காசுகளும். காசுகளின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை. ஒற்றை மாறி ஒருபடிச் சமன்பாடு முழுவதும் இந்த ஒரு விதிக்குள் இருக்கிறது. 628-இல் பிரம்மகுப்தர் சொத்து, கடன் என்ற பெயரில் மிகை எண்களுக்கும் குறை எண்களுக்கும் கூட்டல் கழித்தல் விதிகளை எழுதி முடித்துவிட்டார். தெரியாதவை ஒன்றுக்கு மேல் போனால் நிறங்களின் பெயர் வைத்தார்கள்: கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. நிறம் சொல்லிக் கணக்குப் போடும் வகுப்பறை ஒன்று இன்று இருந்தால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருப்பார்கள்.

பாஸ்கரரின் குதிரைக் கணக்கு எனக்குப் பிடித்தது. 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் வருகிறது. ஒருவனிடம் 300 ரூபாயும் ஆறு குதிரைகளும். இன்னொருவனிடம் பத்துக் குதிரைகள், ஆனால் 100 ரூபாய் கடன். எல்லாக் குதிரைக்கும் ஒரே விலை. இருவரும் சம சொத்துக்காரர்கள். குதிரை என்ன விலை?

கடன்காரனுக்கு 100 கொடுத்துக் கடனை அடைத்துவிடு. சமம் கெடக்கூடாது, ஆகவே முதலாமவனுக்கும் 100 கொடு. இப்போது 400 ரூபாயும் ஆறு குதிரையும் ஒரு பக்கம், வெறும் பத்துக் குதிரை மறு பக்கம். இருவரிடமிருந்தும் ஆறு ஆறு குதிரைகளை ஓட்டிக்கொண்டு போ. 400 ரூபாய்க்கு நாலு குதிரை. ஒன்று 100 ரூபாய்.

குறைந்துகிடப்பதை இட்டு நிரப்புவது, இரு பக்கமும் பொதுவாக இருப்பதை எடுத்துவிடுவது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் அல்குவாரிஸ்மி தம் நூலின் தலைப்பிலேயே வைத்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். சமக்குறி அப்போது கிடையாது. அதை ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்சு நாட்டுக்காரர் 1557-இல்தான் போட்டார். அதற்கு முன்பு எல்லாம் வாய்ச் சொல்லாகவோ சுருக்கெழுத்தாகவோ நடந்தது.

பாடப்புத்தகங்கள் தராசுப் படம் போட்டுச் சமன்பாட்டை விளக்குகின்றன. நல்ல படம்தான். ஆனால் கடன் வந்ததும் தட்டில் எதை வைப்பது? பாஸ்கரரின் கடன்காரன் தராசில் ஏற மாட்டான். அவனுக்குக் கணக்கு நோட்டுதான் சரி. தராசைவிட மோசமானது, "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மந்திரம். டியூஷன்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே காரியம் நடக்கிறது, ஒரு பக்கத்தில் அதன் தடம் மறைந்துவிடுகிறது, அவ்வளவே. இதைச் சொல்லாமல் மந்திரத்தை மட்டும் கொடுத்தால், பெருக்கல் பக்கம் மாறும்போதும் மைனஸ் போடும் பிள்ளைகள் வருவார்கள். வந்துகொண்டும் இருக்கிறார்கள்.

*

திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்கால் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ். 1989-இல் மாவட்டம் பிரிந்த பிறகு வந்த அடையாளம் அது. எங்களுக்கு ஏரி, வேலூர் போகிற ரோடு, தென்மேற்கே திரும்பினால் மலை. பௌர்ணமி அன்று ரோடு நம்முடையதில்லை. வேலூர்ப் பக்கத்துப் பஸ்கள் வரிசையாக வந்து ஜனங்களை இறக்கிவிடும். இறங்கியவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் போவார்கள். மலை எப்போதும் வலக்கைப் பக்கம். இந்திர லிங்கம், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், கடைசியில் வடகிழக்கில் ஈசான்யம். எட்டுத் திக்குக்கு எட்டு.

கோயில் குளத்தில் பூ இரட்டிக்கும் பழைய கணக்கு ஒன்றை இந்த எட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பௌர்ணமி இரவு தோன்றியது. பழைய கணக்கில் மூன்று கோயில்கள்தான். ஒவ்வொரு கோயில் முன்பும் ஒரு குளம். குளத்தில் நனைத்தால் கூடையிலுள்ள பூ இரட்டிக்கும். ஒவ்வொரு கோயிலிலும் ஒரே அளவு பூ சாத்த வேண்டும். மூன்றாவது கோயிலில் கூடை காலியாக வேண்டும். ஏழு பூ கொண்டுபோய் எட்டெட்டாகச் சாத்தலாம் என்பது விடை. ஏழு பதினாலாகும், எட்டுப் போனால் ஆறு. ஆறு பன்னிரண்டாகும், எட்டுப் போனால் நாலு. நாலு எட்டாகும், அத்தோடு காலி.

எட்டு லிங்கத்துக்கும் குளம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 256 பூ சாத்த வேண்டும். எத்தனையோடு கிளம்புவது?

முன்னாலிருந்து தொடங்கினால் தெரியாத எண்ணை எட்டு முறை இரட்டித்து எட்டு முறை கழித்து ஒரு நீண்ட வால் வளரும். பின்னாலிருந்து வந்தால் எல்லாம் லேசு. ஈசான்யத்தில் கூடை காலி. அதற்கு முன் 256. குளத்தில் இறங்கும் முன் 128. அதுதான் குபேரனிடம் மிஞ்சியது. அங்கே சாத்தியதைத் திரும்பச் சேர்த்தால் 384, நனைக்கும் முன் 192. வாயுவில் 448, பாதி 224. வருணனில் 480, பாதி 240. நிருதியில் 496, பாதி 248. எமனில் 504, பாதி 252. அக்னியில் 508, பாதி 254. இந்திரனில் 510, பாதி 255.

255 பூ.

ஆரியபட்டர் இந்தத் தலைகீழ் வழிக்கும் விதி வைத்திருக்கிறார்: பெருக்கியதை வகு, வகுத்ததைப் பெருக்கு, கூட்டியதைக் கழி, கழித்ததைக் கூட்டு, கடைசியிலிருந்து தொடங்கு. தெரியாதது ஒரே இடத்தில் வரும் சமன்பாடுகளை இப்படித்தான் அவிழ்க்கிறோம். தெரியாத எண்ணுக்கு யாரோ வரிசையாக ஏதேதோ செய்திருக்கிறார்கள். கடைசியாகச் செய்ததை முதலில் கழற்ற வேண்டும். சட்டை போட்டு அதன்மேல் ஸ்வெட்டர் போட்டவன் ஸ்வெட்டரைத்தான் முதலில் கழற்றுவான்.

மலையை யாரும் இடமாகச் சுற்றுவதில்லை. ஈசான்யத்திலிருந்து இந்திரனுக்குப் பின்னோக்கி நடப்பது சாஸ்திரத்தில் இல்லாதது. காகிதத்தில் மட்டும்தான் அனுமதி.

*

அந்த 255-ஐ நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு லிங்கத்திலும் மிஞ்சியதை வரிசையாக எழுதினால்: 254, 252, 248, 240, 224, 192, 128, 0. எதுவும் தெரியவில்லை. 256-க்கு எத்தனை குறைவு என்று எழுதினால்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256. பூக்கள் இரட்டித்தது வெளிப்பார்வைக்கு. உள்ளே இரட்டித்துக்கொண்டே போனது குறைதான். கிளம்பும்போது குறைந்தது ஒரே ஒரு பூ. எட்டாவது இடத்தில் அந்த ஒன்று கூடை முழுவதையும் தின்றுவிட்டது.

சரியாக 256 பூவோடு கிளம்பியிருந்தால்? நனைத்தால் 512, சாத்தினால் 256. மறுபடி 512, மறுபடி 256. எத்தனை லிங்கம் இருந்தாலும், எத்தனை சுற்று வந்தாலும் கூடை அப்படியே இருக்கும், காலியாகவே ஆகாது. ஒரு பூதான் வித்தியாசம்.

சாத்துவதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் கையில் எடுத்துப்போக வேண்டியது என்ன? ஒரு கோயிலுக்கு அரை. இரண்டுக்கு முக்கால். மூன்றுக்கு முக்காலே அரைக்கால். நாலுக்கு முக்காலே மூணு வீசம். பேச்சில் மிஞ்சிப்போன அந்தப் பழைய பின்னம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டுக்கு ஒன்றிலிருந்து 256-இல் ஒரு பங்கு குறைய வேண்டும். பதினாறில் ஒன்றின் பதினாறில் ஒன்று. வீசத்தில் வீசம்.

*

திருவண்ணாமலைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தெரியாத ஒன்றைத் தேடுவது பற்றி எழுதினால், 1896-இல் இங்கே வந்து சேர்ந்த அந்தப் பையனிடம் கொண்டுபோய் முடித்துவிடத் தோன்றும். நான் யார் என்பதே எக்ஸ் என்று எழுதிவிட்டால் படிப்பவர்களும் தலையாட்டுவார்கள். அது சரிவராது. சமன்பாட்டில் தெரியாதது ஒன்றே ஒன்று, சுற்றியிருப்பதெல்லாம் தெரிந்தவை. அந்தத் தெரிந்தவற்றின் பலத்தில்தான் அது பிடிபடுகிறது. ரமணரின் கேள்வி கேட்பவனையே திருப்பிக் கேட்பது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது இரண்டுக்கும் மரியாதை இல்லை.

*

கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமல் சுளை எண்ணும் வழி இருக்கிறது. காம்பை ஒட்டியுள்ள சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். பண்ருட்டிப் பழம் இங்கே வண்டியில் வந்து இறங்கும்போது யாராவது சோதித்துப் பார்க்கலாம். பழம் இந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்பட வேண்டிய காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. ஆனாலும் பிடித்திருக்கிறது. தோலுக்குள் இருப்பது எண்ணிக்கைக்கு உட்பட்டது, வெளியே இருப்பதைக் கொண்டு அதை எட்டிவிடலாம் என்ற அந்த நம்பிக்கை கணக்கு மனத்தின் நம்பிக்கை.

*

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு. நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். அவள் பயந்திருந்தாள்.

"தாத்தா, எக்ஸ் காணாமப் போச்சு."

பார்த்தேன். எக்ஸோடு மூன்றைக் கூட்டி இரண்டால் பெருக்கினால், எக்ஸைப் போல இரு மடங்கும் ஆறும் சேர்ந்ததற்குச் சமம் என்று கணக்கு. அவள் ஒழுங்காகப் பிரித்து, இரண்டு பக்கமும் இரண்டு எக்ஸை எடுத்துவிட்டிருந்தாள். கடைசி வரியில் 6 = 6 என்று நின்றது.

"தப்பா தாத்தா?"

"தப்பில்ல. எக்ஸுக்கு ஏதாவது ஒரு நம்பர் போட்டுப் பாரு."

ஐந்து போட்டாள். இரு பக்கமும் 16. பத்து போட்டாள். 26. பூஜ்யம் போட்டாள், நூறு போட்டாள். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

"எதப் போட்டாலும் வருது."

"அப்போ அதான் பதில்."

அவளுக்குத் திருப்தியில்லை. பதில் என்றால் ஒரு எண் இருக்க வேண்டும், அடியில் கோடு போட வேண்டும். எல்லாமே பதில் என்றால் கோட்டை எங்கே போடுவது? வலப்பக்கத்து ஆறை எட்டாக மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை 6 = 8 என்று வந்தது. எதைப் போட்டாலும் சரிவராது. ஒரு எண்ணை மாற்றியதும் எல்லாமும் பதிலாக இருந்தது எதுவுமே பதிலில்லை என்று ஆகிவிட்டது. "இது பரீட்சைக்கு வருமா தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி. நானும் அந்த வயதில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

*

வயதுக் கணக்கு. அப்பாவுக்கு 40, மகனுக்கு 12. எத்தனை வருடம் கழித்து அப்பாவின் வயது மகனின் வயதைப் போல ஐந்து மடங்காகும்?

போட்டுப் பார்த்தால் மைனஸ் 5 வருகிறது. கழித்து என்று கேட்டோம். ஐந்து வருடத்துக்கு முன்பே ஆகிவிட்டது என்று பதில். அப்போது 35-உம் ஏழும். கேட்ட விதம் தவறு என்பதைச் சமன்பாடு பொருட்படுத்துவதில்லை. எதிர்காலம் என்று நாம் நினைத்துக் கொடுத்ததைக் கடந்த காலத்துக்குத் திருப்பி, அதையும் சரியாகச் சொல்லிவிடுகிறது. பாஸ்கரர் ஒரு குரங்குக் கணக்கில், நடுவில் இப்படிக் குறை எண்ணைக் கொண்டுவரும் ஒரு விடையை, உலகத்தார் அதை ஏற்பதில்லை என்று ஒதுக்கிவிடுகிறார். குரங்குகளுக்கு அது சரி. வயதுக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

*

விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பதற்குப் பள்ளியில் மார்க் இல்லை. அதனால் யாரும் செய்வதில்லை. எனக்கென்னவோ கணக்கிலேயே உயர்ந்த இடம் அதுதான் என்று படுகிறது. வரலாற்றுப் பதில் சரியா என்று வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும். கட்டுரை நன்றாக இருக்கிறதா என்பதற்கும் அவர்தான். சமன்பாட்டில் பதின்மூன்று வயதுப் பெண் விடையைப் போட்டுப் பார்த்துவிட்டு, வாத்தியார் தவறு, புத்தகத்தின் பின்பக்கத்து விடை தவறு, நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடலாம். அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை. பிள்ளைகள் கையில் இவ்வளவு அதிகாரம் வேறு எந்தப் பாடத்திலும் இல்லை. அதை மறைத்து வைத்துவிட்டு, பின்பக்கத்தைப் பார்த்து டிக் போடச் சொல்கிறோம்.

255-ஐப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். வழியைச் சொல்லவில்லை; விடையை மட்டும் சொல்லி, நம்பாதே என்றேன். இந்திரனிலிருந்து தொடங்கினாள். இரட்டித்தாள், கழித்தாள், ஒவ்வொரு லிங்கத்தின் பெயரையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். நிருதிக்கு அடுத்தது எது என்று ஒருமுறை கேட்டாள். ஈசான்யத்தில் பூஜ்யம் வந்ததும் அடிக்கோடு போட்டாள். இரண்டு கோடு.

"சூரிய லிங்கம், சந்திர லிங்கம் விட்டுட்டீங்களே தாத்தா. அதயும் சேத்தா பத்து வருமே."

"போடு."

மறுபடி முதலிலிருந்து போடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுதவே இல்லை. விரலில் ஏதோ இரட்டித்துப் பார்த்தாள்.

"ஆயிரத்து இருவத்து நாலு சாத்தணும். ஆயிரத்து இருவத்து மூணு வாங்கிட்டுப் போவணும். பௌர்ணமில பூ என்ன வெல விக்குது, யாரு வாங்கித் தருவா?"